கண்ணொளி தந்த மதுரை மருத்துவர்: டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்களின் வாழ்வும் பணியும்



நமது ஆண்டறிக்கை மலரில் பொதுப்பணியில் சிறந்த ஒருவரின் வாழ்வை எழுதுவது வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். பெரம்பலூரிலோ அரியலூரிலோ பிறந்தவரும் அல்லர். இருப்பினும் அவரைப் பற்றி எழுத நமக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் நமது அலுவலக மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மதரஸா கட்டடத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் ஒன்றை நடத்தினோம். பந்தல் போட்டோம், ஒலிபெருக்கியில் அறிவித்தோம், வந்தோர்க்கெல்லாம் தேநீர் கொடுத்தோம். முதியோர் பலர்க்குக் கண்புரை முற்றியிருப்பதாகவும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்றும் மருத்துவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தனர். அச்சீட்டுகளின் படிகளை நாம் வாங்கி வைத்துக்கொண்டோம். முகாம் சிறப்பாக நடந்தேறியது என்று அவ்வாண்டு அறிக்கையில் எழுதியும் விட்டோம். பின்னர் விசாரித்தபோது, சிகிச்சைக்குச் சென்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே என்று தெரியவந்தது. மகன் துபாயில் இருக்கிறான், துணைக்கு வர ஆளில்லை என்றார் ஒரு மூதாட்டி. பருத்தி எடுக்கும் நேரம், ஒருவாரம் கூலியை விட முடியாது என்றார் இன்னொருவர். சிகிச்சை இலவசம்தான், திருச்சிக்குப் போய்வரும் பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் யார் தருவார் என்று கேட்டார் மூன்றாமவர். நம்மிடம் விடை இல்லை. இதே கேள்விகளை நமக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கண்டவர்தான் டாக்டர் வெங்கடசாமி அவர்கள்.

அன்னார் 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில் ஐந்து மக்களில் மூத்தவராகப் பிறந்தார். கரிசல் பூமி, மழையை நம்பிய வேளாண்மை. நம் பெரம்பலூர்ப் பகுதி மக்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி அதில் விரலால் எழுதிப் பழகினார்கள். சிறுவயதிலேயே உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் அடுத்தடுத்து மடிந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938இல் பட்டம் பெற்றார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் படிப்பை முடித்து, இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

அதன்பின் வந்தது பேரிடி. கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948இல் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். வயது முப்பது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். எழுந்து நிற்க இயலாது, பேனாவைப் பிடிக்கவும் முடியாது. நோய் தணிந்தபோது கைவிரல்கள் நிலையாகக் கோணிப் போயிருந்தன. நீண்ட நேரம் நின்று செய்ய வேண்டிய மகப்பேற்று மருத்துவம் இனி இல்லை என்றாயிற்று. அமர்ந்து செய்யக்கூடிய கண் மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். கோணிய விரல்களுக்குள் கத்தியைப் பிடித்துப் பழகினார். தம் கைக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டார். 1951இல் கண் மருத்துவத்தில் பட்டயம் பெற்றார். மயிரிழை பிசகினாலும் பார்வை போய்விடும் கண்ணில், அந்தக் கைகளைக் கொண்டு தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளை அன்னார் செய்தார். படிக்கும் போதே நமக்கு மலைப்பாக இருக்கிறது.

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் அறுவை மருத்துவராகவும் விளங்கினார். இருபது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். நோயாளி மருத்துவமனையைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், 1960 முதல் ஊர்களுக்குச் சென்று கண் சிகிச்சை முகாம்களை நடத்தலானார். 1966இல் பார்வையற்றோர் மறுவாழ்வு மையமும், 1973இல் கண் மருத்துவ உதவியாளர் பயிற்சியும் தொடங்கப்பட அன்னாரே காரணமாக இருந்தார். அதே 1973இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1976இல் பணி ஓய்வு.

இத்தோடு அவர் நின்றிருந்தாலும் நல்லதோர் அரசு மருத்துவர் என்று மதுரை மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் இம்மலருக்குரிய செய்தி இனிமேல்தான் தொடங்குகிறது.

ஓய்வுபெற்ற அதே ஆண்டில், மதுரையில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளுடன் ஒரு சிறு கண் மருத்துவமனையை அன்னார் தொடங்கினார். கோவெல் அறக்கட்டளை என்ற பெயரில் உடன்பிறந்தாரும் அவர்தம் வாழ்க்கைத் துணைகளும் சேர்ந்துகொண்டனர். தங்கை டாக்டர் நாச்சியார் அவர்களும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி அவர்களும் கண் மருத்துவர்கள். தம்பி சீனிவாசன் அவர்கள் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யப்போகும் மருத்துவமனைக்குக் கடன் தர யார் முன்வருவர்? வீட்டை அடமானம் வைத்தும் குடும்பத்து நகைகளைக் கொண்டும் முதல் திரட்டினர். பாண்டிச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தர் மீது கொண்ட பற்றினால் மருத்துவமனைக்கு அரவிந்த் என்று பெயரிட்டார். வசதியுள்ளோர் கட்டணம் செலுத்தினர். அதில் மிஞ்சியதைக் கொண்டு இலவசப் பிரிவு நடந்தது. கையில் வந்த வருவாய்க்கு ஏற்பக் கட்டடம் ஒவ்வொரு தளமாக உயர்ந்தது. 1978இல் இலவச நோயாளிகளுக்கென எழுபது படுக்கைகள் கொண்ட தனி மருத்துவமனை எழுந்தது. பின்னர் தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று கிளைகள் பரவின.

இம்முறையை நம்மவர்களுக்கு எளிதில் விளக்கலாம். நம் முன்னோர் பள்ளிவாசலுக்குக் கடைகளை வக்ஃபு செய்தனர். அவற்றின் வாடகையால் பள்ளியில் விளக்கெரிந்தது, இமாமுக்கு ஊதியம் கிடைத்தது. ஆண்டுதோறும் வசூலுக்கு அலைய வேண்டிய நிலை இல்லை. டாக்டர் வெங்கடசாமி அவர்கள் மருத்துவத்தையே அத்தகைய கடையாக ஆக்கினார். சம்பாதிப்பதும் அதே கண் சிகிச்சை, தானமாகப் போவதும் அதே கண் சிகிச்சை. அன்னார் காலத்தில் நடைபெற்ற அறுவைச் சிகிச்சைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்யப்பட்டவை. அப்படியிருந்தும் நிறுவனம் நட்டத்தில் மூழ்கவில்லை. இத்தகையவற்றை இன்று சமூகத் தொழில் நிறுவனங்கள் என்று அழைக்கின்றனர். 1993இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகக் கல்லூரி, அரவிந்த் மருத்துவமனையைப் பற்றிய ஆய்வுரையைத் தன் மாணவர்க்குப் பாடமாக வைத்தது.

அங்கே மற்றொரு வழக்கமும் உண்டு. இலவசப் பிரிவுக்கு வருவோரிடம் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்தப் பிரிவுக்குச் செல்வது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். கட்டணம் செலுத்துவோர்க்குத் தனி அறை, குளிர்சாதனம் என்று வசதிகள் கூடுதலாகக் கிடைக்கும். மருத்துவர்கள் இரு பிரிவிலும் மாறிமாறிப் பணி செய்வர். ஏழை என்பதற்கு அத்தாட்சி கேட்டு மனிதரைக் கூனிக்குறுக வைப்பது எவ்வளவு கொடியது என்பதை, உதவி கோரும் மனுக்களைப் பரிசீலிக்கும் பைத்துல்மால் பொறுப்பாளர்கள் நன்கு அறிவார்கள். வசதியுள்ளவர் சிலர் ஏமாற்றி இலவசப் பிரிவில் நுழைந்துவிட மாட்டார்களா என்ற ஐயம் நமக்கும் எழுந்தது. நுழைந்திருக்கலாம். ஆனால் அதற்கு அஞ்சி வாசலில் காவல் போடுவதை அன்னார் விரும்பவில்லை.

இலவசமாகச் செய்வதற்குச் செலவு குறைய வேண்டும். அதற்கு அன்னார் கண்ட வழி, மருத்துவரின் நேரத்தை வீணாக்காமல் இருப்பது. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். ஒன்று முடிந்ததும் நுண்ணோக்கி அப்பக்கம் திரும்பும். மருந்திடுதல், பரிசோதனை, கட்டுப்போடுதல் முதலான பணிகளைப் பயிற்சி பெற்ற பெண்கள் செய்வர். சிற்றூர்களில் பள்ளிப்படிப்பை முடித்த பெண்களைத் தேர்ந்து, ஈராண்டுப் பயிற்சி கொடுத்து அவர்களை அமர்த்தினார். மற்ற இடங்களில் ஒரு கண் மருத்துவர் ஆண்டுக்குச் சில நூறு அறுவைகள் செய்த காலத்தில், அங்கே ஈராயிரம் அளவுக்குச் செய்ய முடிந்தது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களைப் பார்த்தபோது அன்னாருக்கு இதில் உறுதி ஏற்பட்டதாம். எங்கே போனாலும் ஒரே தரம், சாதாரணப் பிள்ளைகளையே பழக்கிப் பெரிய வேலை வாங்கும் ஒழுங்கு. ரொட்டி விற்பதற்கு இவ்வளவு ஒழுங்கு கைகூடுமானால் கண்ணுக்கு ஏன் கூடாது என்பது அன்னாரின் எண்ணம். மனிதரைத் தொழிற்சாலைப் பொருள்போல் வரிசையில் வைப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆண்டுக்கணக்கில் இருளில் அமர்ந்திருப்பவரிடம் கேட்டால் வேறு விடை வரும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி விழியக லென்ஸின் செய்திக்கு வருவோம். முன்னாளில் கண்புரை அறுவை என்றால், மங்கிய இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, சோடாப்புட்டி அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடியைக் கொடுப்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அதை அணிந்திருந்ததை மூத்த ஜமாஅத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கண்ணாடியில் நேராகத் தெரியும், பக்கவாட்டில் தெரியாது. உடைந்தால் மீண்டும் குருடு. கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறையை 1949இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் தொடங்கினார். போரில் விமானத்தின் கண்ணாடித் துணுக்குகள் விமானிகளின் கண்ணில் தைத்தும் அவை உறுத்தாமல் கிடந்ததைக் கண்டு அவர்க்கு அந்த எண்ணம் பிறந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அம்முறை மேலைநாடுகளில் பரவியது. லென்ஸின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. அன்றைய கணக்கில் இரண்டாயிரம் ரூபாய்க்கும் மேல்.

இங்கேதான் அன்னாரின் மனம் வருந்தியது. ஒரே மருத்துவமனையில் பணம் உள்ளவர்க்கு லென்ஸ், இல்லாதவர்க்குத் தடித்த கண்ணாடி. ஏழை நாடுகளுக்கு லென்ஸ் தேவையில்லை, கண்ணாடியே போதும் என்று வெளிநாட்டு வல்லுநர் பலர் கருதினர். அமெரிக்காவின் சேவா அறநிறுவனத்தார் போன்றோர் நன்கொடையாக லென்ஸ்களை அனுப்பி வந்தனர். ஆனால் நன்கொடையை நம்பி எத்தனை பேருக்கு வைக்க முடியும்? ஆகவே லென்ஸைத் தாமே செய்வதென்று முடிவாயிற்று. சேவா நிறுவனத்தாரும் அமெரிக்கரான டேவிட் கிரீன் அவர்களும் தொழில்நுட்பம் பெற்றுத்தர உதவினர். 1992இல் மதுரையில் அரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கியது. பத்து டாலர் அளவில் விற்கத் தொடங்கிய லென்ஸ், பின்னர் ஐந்து டாலருக்கும் கீழே இறங்கியது. அடுத்து அறுவைக்கான தையல் இழைகளையும் மருந்துகளையும் அங்கேயே செய்தனர். மதுரையில் செய்த லென்ஸ் நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றது. வடமலாபுரத்து மணலில் எழுத்துப் பழகியவர் செய்த காரியம் இது.

முகாம்களிலும் அன்னார் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆரம்பத்தில் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலேயே அறுவை நடந்தது. பின்னர் பாதுகாப்புக் கருதி, முகாமில் பரிசோதனை மட்டும், அறுவை மருத்துவமனையில் என்றாயிற்று. அப்போது நாம் சந்தித்த அதே சிக்கல் அவர்கள் முன்னும் வந்து நின்றது. சீட்டு வாங்கியோர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று வீடு வீடாகச் சென்று விசாரித்தனர். பேருந்துச் செலவு, உணவு, துணைக்கு ஆள், போகும் கூலி, அச்சம் என்று காரணங்கள் தெரிந்தன. அதன்பின் முகாம் நடந்த அன்றே பேருந்தில் ஏற்றி அழைத்துச் சென்றனர். உணவும் தங்குமிடமும் இலவசம். சிகிச்சை முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து விட்டனர். ஒரே ஊரார் பலர் சேர்ந்து போவதால் அச்சமும் குறைந்தது, தனித்தனித் துணையும் தேவைப்படவில்லை. கண்ணாடி தேவைப்படுவோர் சீட்டை வாங்கிப் போய்ப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள் என்று கண்டபோது, முகாமிலேயே கண்ணாடியைச் செய்து கையில் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. முகாமுக்கான இடம், விளம்பரம், தொண்டர்கள் ஆகியவை ஊரில் உள்ள சங்கங்களின் பொறுப்பு. மருத்துவம் மருத்துவமனையின் பொறுப்பு.

அதுவும் போதவில்லை. பின்னர் நடந்த ஓர் ஆய்வில், கண் குறையுள்ள கிராமத்தாரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவினரே முகாமுக்கு வந்திருந்தனர் என்று தெரியவந்தது. இவ்வளவு பாடுபட்டவர்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு கசந்திருக்கும்! அதை மறைக்காமல் ஏற்று, 2004 முதல் சிற்றூர்களிலேயே நிலையான பார்வை மையங்களைத் திறக்கத் தொடங்கினர். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் அங்கிருந்து கண்ணைச் சோதிப்பார். தொலைவிலுள்ள மருத்துவர் கணினித் திரை வழியாக நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார். அப்போது அன்னாருக்கு வயது எண்பத்தைந்தைக் கடந்திருந்தது.

தாம் கண்ட முறையை அன்னார் பூட்டி வைக்கவில்லை. லயன்ஸ் சங்கத்தார் துணையுடன் மதுரையில் ஒரு பயிற்சி நிறுவனம் அமைத்து, நாடெங்கும் உள்ள கண் மருத்துவமனைகளுக்கும் வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கும் கணக்கு முதல் அறுவை வரை அனைத்தையும் கற்றுக்கொடுத்தனர். போட்டியாக வரக்கூடியவர்களுக்கே கற்றுத்தருவது வியாபாரிக்குப் புரியாத கணக்கு.

அன்னார் திருமணம் செய்துகொள்ளவில்லை. மருத்துவமனையிலிருந்து ஊதியம் பெறாமல் அரசு ஓய்வூதியத்திலேயே எளிமையாக வாழ்ந்தார். வேலையில் கண்டிப்பானவர். குடும்பத்தாரையும் அதே கண்டிப்புடன் நடத்தினார். வெளியே பன்மடங்கு சம்பாதிக்கக்கூடிய தங்கையும் மைத்துனரும் குறைந்த ஊதியத்தில் இரவுபகலாக உழைத்தனர். அவர்கள் தியாகத்தையும் சேர்த்துத்தான் அன்னாரின் சாதனையை எண்ண வேண்டும். 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மதுரையில் அன்னார் மறைந்தார். பின்னர் 2010இல் உலகப் புகழ்பெற்ற ஹில்டன் மனிதநேய விருது அரவிந்த் நிறுவனத்தைத் தேடி வந்தது.

மேலே குறிப்பிட்ட சீட்டுகளின் படிகள் இன்னும் இழுப்பறையில் உள்ளன. அவற்றில் பெயர் உள்ளவர்களுள் சிலர் வஃபாத்தாகிவிட்டனர். எஞ்சியோர் வீடுகளுக்கு ஷஅபான் பிறை முடிவதற்குள் நேரில் செல்வதென்று நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. அடுத்த முகாமில் வண்டிச் செலவும் உணவும் பைத்துல்மாலில் இருந்து வழங்கப்படும். பெண்களுக்குத் துணையாகச் செல்ல மஹல்லாவின் சகோதரிகள் இருவர் இசைந்துள்ளனர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வீட்டில் தனித்து வாழும் முதியோர் பற்றி அறிந்தவர்கள், அவர்தம் பெயரையும் தெருவையும் எழுதி, ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் சேர்ப்பிக்க அன்புடன் வேண்டுகிறோம்.